பன்னிரண்டு ஆடுகளும் ஒரு மேய்ப்பனும்

அக்டோபர் 12, சனி – வான்வ் சந்தை

பாரிஸ் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. உடம்பு இன்னும் ஊட்டி நேரத்தில்தான் இருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, மாலை ஆறு மணிக்குக் கண் சொக்குகிறது. அதனால் அண்ணன் மகள் ஏழு மணிக்கே பழம்பொருள் சந்தைக்குக் கிளம்பலாம் என்றபோது எனக்குச் சிரமமே இல்லை. கொட்டாவி விட்டதெல்லாம் அவள்தான்.

நகரத்தின் தெற்கு ஓரத்தில் வான்வ் வாசல் என்ற இடத்தில் சனி, ஞாயிறு காலைகளில் நடைபாதையிலேயே கடை விரிக்கிறார்கள். பிடி போன கரண்டிகள், கதவுத் தாழ்ப்பாள்கள், யாருடையதோ ஒரு கல்யாண ஆல்பம். விலை கேட்பதற்கு முன்னால் ‘போன்ழூர்’ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள். குளிரில் மறந்துவிட்டேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, தானே ஒரு ‘போன்ழூர் மதாம்’ சொல்லிவிட்டு, நான் திருப்பிச் சொல்லும் வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் வியாபாரம்.

அவருடைய அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்தது அந்தப் படம். இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கறுப்பு மையில் அச்சடித்தது, ஓரம் பழுப்பேறியிருந்தது. கம்பளி போர்த்திய மேய்ப்பன் கோலில் சாய்ந்து நிற்கிறான், காலடியில் நாய். தூரத்தில் சக்கரம் வைத்த ஒரு மரப்பெட்டி. ஆடுகள் பன்னிரண்டு. ஒன்று முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நம்மைப் பார்த்து நடந்து வருகிறது. ஆடு என்றால் எனக்கு எண்ணிவிட வேண்டும், வளர்ந்த இடம் அப்படி. பெரியப்பா ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா செம்மறியாட்டுப் பண்ணையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

கீழ் மூலையில் ‘ஷ. ழாக்’ என்று கையெழுத்து. அண்ணன் மகள் போனில் தேடிப் படித்தாள். சார்ல் ழாக், 1813-இல் பாரிஸில் பிறந்து 1894-இல் இறந்தவர். சிறு வயதில் வரைபடம் செதுக்கும் ஒருவரிடம் வேலை கற்றவர், பட்டாளத்திலும் இருந்திருக்கிறார். ஆடு, பன்றி, கோழி இவைதான் அவருடைய விஷயம். 1858-இல் கோழி இனங்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்தக் கோழிப் புத்தகத்தைக் கேட்டதும் எனக்கு ஆளைப் பிடித்துப்போய்விட்டது.

கடைக்காரர் அறுபது யூரோ சொன்னார். நாற்பத்தைந்துக்கு முடித்தோம். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். நம் காசுக்குக் கணக்குப் போடாதீர்கள் அத்தை என்றாள். ஏற்கெனவே போட்டாகிவிட்டது, நாலாயிரத்துச் சொச்சம்.

அக்டோபர் 13, ஞாயிறு – ஒர்சே

ரயில் நிலையமாகக் கட்டி, பிறகு அருங்காட்சியகமாக மாற்றிய கட்டடம். உள்ளே பெரிய கடிகாரம். வரிசையில் நாற்பது நிமிடம், தூறலில்.

ழாக்கின் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருந்தவர் ழான்-பிரான்சுவா மிலே. 1849-இல் பாரிஸில் காலரா பரவியபோது இரண்டு பேரும் குடும்பத்தோடு பார்பிசோன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். மிலே அங்கேயே தங்கி, அங்கேயே செத்தார். வயலில் ஓர் ஆணும் பெண்ணும் தலைகுனிந்து ஜெபிக்கும் அவருடைய ‘ஆஞ்செலுஸ்’ படத்தின் முன்னால் போனைத் தூக்கிக்கொண்டு இருபது பேர் நின்றார்கள். மந்தையோடு நிற்கும் மேய்ப்பப் பெண்ணின் படத்தருகே ஆள் இல்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

சுமார் ஒரு மீட்டர் அகலம். சிவப்பு முக்காடு, கம்பளிப் போர்வை, குனிந்த தலை. பின்னால் ஆடுகள் ஒரே கம்பளம்போல் பரவியிருக்கின்றன. 1864-இல் பாரிஸ் கண்காட்சியில் இதை வைத்தபோது எல்லோரும் மெச்சினார்களாம். அரசாங்கமே வாங்கப் பார்த்தது, ஆனால் மிலே அதற்குள் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“போன் பாக்கிற மாதிரியே நிக்கிறா, பாருங்க அத்தை.”

உண்மைதான். குனிந்து பின்னல் வேலை செய்கிறாள். ஆடு மேய்க்கும் நேரத்தில் கையைச் சும்மா வைத்திருக்காமல் காலுறையோ ஏதோ பின்னிக்கொண்டே நிற்பாள். படம் பார்க்கும் நகரத்துக்காரருக்கு அது தியானம்போலத் தெரிந்திருக்கும். எனக்கு அது கூடுதல் வேலையாகத்தான் தெரிந்தது.

அவருடைய இன்னொரு சின்னப் படம், நிலா வெளிச்சத்தில் ஆட்டுப் பட்டி. வயலில் மரத்தட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள், ஆடுகள் முண்டியடிக்கின்றன, பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி. என் நாற்பத்தைந்து யூரோ படத்தில் இருப்பது இதே பெட்டிதான்! பார்த்ததும் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: “அட, இது கிடை!” பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். நம்மூரில் அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆட்டை அடைத்துப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் விழச்செய்வது மாதிரியேதான். இங்கே குளிர் என்பதால் மேய்ப்பன் படுக்க ஒரு வண்டிப்பெட்டி.

மதியச் சாப்பாடு லா ஷப்பேலில், வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கம். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடை அம்மா “இந்தியாவோ அக்கா?” என்று கேட்டுவிட்டு, கொத்து ரொட்டிக்கு மேல் கேட்காமலே ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார். உறைப்பில் காது அடைத்தது. நாலு நாளாக மரத்துக் கிடந்த நாக்குக்கு உயிர் வந்தது.

அக்டோபர் 14, திங்கள்

மழை. ரசம் வைத்தேன். தூங்கினேன்.

அக்டோபர் 15, செவ்வாய் – பார்பிசோன், போய்ச் சேர்ந்த கதை

பிரான்சில் ஒரு பொது விதி உண்டு. நீங்கள் பார்க்க வந்தது செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். எல்லாருக்கும் தெரிந்த இந்த விதி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை. ரயிலும் பேருந்தும் ஏறி, பாரிஸிலிருந்து தென்கிழக்கே அறுபது கிலோமீட்டர் போய் இறங்கி, மிலே காலத்து ஓவியர்களுக்கான அருங்காட்சியகத்தின் கதவைத் தள்ளிப் பார்த்தோம். நகரவில்லை. “நீ பாக்கலையா?” என்றேன். “நீங்க பாத்தீங்கன்னு நெனச்சேன்” என்றாள். பத்து நிமிடம் பேசிக்கொள்ளவில்லை.

ஊர் என்றால் ஒரே ஒரு நீண்ட தெரு. ஒரு முனையில் ஃபோந்தேன்ப்ளோ காடு, மறுமுனையில் திறந்த சமவெளி. நடுவில் கல் வீடுகள், ஓவியக் கடைகள், சுவரில் மிலே படங்களை மொசைக்கில் செய்து பதித்திருக்கிறார்கள். ஏழை ஓவியர்கள் கடன் சொல்லிச் சாப்பிட்ட ஊரில் ஒரு ஆம்லெட் பதினாறு யூரோ. காபி நாலரை, அதுவும் ஒரு வாய் அளவு. மேசைத்துணி மட்டும் அருமையாக இருந்தது. ஆடு ஒன்றையும் காணோம். ஒரு கடை ஜன்னலில் பஞ்சால் செய்த பொம்மை ஆடு இருந்தது, முப்பத்தெட்டு யூரோ.

எரிச்சல் ஆற வேண்டும் என்று காட்டுக்குள் போனோம். அது நன்றாகவே ஆற்றியது. யானை படுத்த மாதிரிப் பாறைகள், காலடியில் கடற்கரை மணல், கஷ்கொட்டைக் காய்கள் தலையில் விழுகின்றன. ஊர் முனையிலேயே ஒரு பாறையில் மிலேக்கும் இன்னொரு ஓவியரான தியோதோர் ரூசோவுக்கும் வெண்கல முகப் பதக்கம் பதித்திருக்கிறார்கள். இந்தக் காட்டை வெட்டாதே என்று முதலில் சத்தம் போட்டவர்கள் ஓவியர்கள்தான். 1861-இல் அரசாணை போட்டு ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் ஒதுக்கினார்கள்.

பிறகு என் யோசனை: சமவெளி வழியாக ஷாயி ஊர் வரை நடந்து போய் அங்கே பேருந்து பிடிக்கலாம். இரண்டு கிலோமீட்டர்தானே. ஆஞ்செலுஸ் படத்தில் தொடுவானத்தில் தெரியும் கோபுரம் ஷாயி தேவாலயத்துடையது என்பார்கள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. செருப்பு வாங்கும்போது மழையைப் பற்றி யோசிக்காத பாவத்துக்கு ஒவ்வொரு காலிலும் அரைக்கிலோ களிமண். உழுத நிலம், முளைவிடும் கோதுமை, பாதை ஓரத்தில் சர்க்கரை காய்ச்சும் பீட்ரூட் லாரி உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. நெடுஞ்சாலையின் இரைச்சல் விடாமல் கேட்கிறது. ழாக் தன் மேய்ப்பனை நிறுத்தியது இந்த மாதிரி வெட்ட வெளியில்தான். படத்தில் அவன் ஏன் அப்படிக் கம்பளிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நிற்கிறான் என்பதை அந்த அரைமணி நேரத்தில் புரிந்துகொண்டேன். அது சோகம் இல்லை. காற்று.

ஷாயி கல்லறைத் தோட்டத்தில் மிலேயும் ரூசோவும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பேருந்து கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. அடுத்தது ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து.

வேனை ஓரங்கட்டி நிறுத்தியவருக்கு எழுபது வயது இருக்கும். எங்கள் காலைப் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பின் ஒரு பழைய உரச்சாக்கை விரித்து ஏறச் சொன்னார். மெலன் வரை கொண்டுவந்து விட்டார். வழியில் பேச்சுக்கு என் படத்தைப் போனில் காட்டினேன். வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் தாத்தாவின் அப்பா இந்தப் பக்கம் ஆடு மேய்த்தவராம்.

மேய்ப்பனின் கோல் நுனியில் கரண்டி மாதிரி ஒரு இரும்பு இருப்பதை அவர் காட்டித்தான் கவனித்தேன். ஆடு பக்கத்து வயலுக்குள் வாய் வைக்கப் போனால், அந்தக் கரண்டியால் ஒரு மண்கட்டியைக் கிள்ளி அதன் முன்னால் எறிவார்களாம். ஆட்டின் மேல் பட்டால் மேய்ப்பன் கற்றுக்குட்டி என்று அர்த்தம். பட்டி போட்டால் ராத்திரியிலேயே எழுந்து தட்டிகளை இடம் மாற்றுவதும் உண்டாம், எரு ஒரே இடத்தில் குவியாமல் இருக்க. அறுவடை முடிந்த பின் யார் வயலிலும் ஊர் ஆடு மேயலாம் என்ற உரிமை இருந்தது, அதுவும் போயிற்று என்றார். இதையெல்லாம் அண்ணன் மகள் மொழிபெயர்க்க, நான் ‘கிடை’ என்ற சொல்லை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். “கிதே, கிதே” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

இறங்கும்போது பத்து யூரோ நீட்டினேன். கோபமே வந்துவிட்டது மனிதருக்கு.

அக்டோபர் 17, வியாழன் – பார்பிசோன், மறுபடியும்

தனியாகப் போனேன். அவளுக்கு வகுப்பு. கதவு திறந்திருந்தது.

கான் என்ற குடும்பம் நடத்திய சத்திரம்தான் இன்று அருங்காட்சியகம். மழை பெய்து வெளியே போக முடியாத நாட்களில் ஓவியர்கள் கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. அலமாரி, கதவு, சுவர் எதையும் விடாமல் படம் போட்டிருக்கிறார்கள். ஒரு அலமாரிக் கதவை மட்டும் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் சந்தேகப்பட்டு இரண்டு முறை வந்து போனார்.

என் படம் ‘எட்சிங்’ என்ற அச்சு வகை. அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது அங்கேதான் மண்டையில் ஏறியது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறிப் படம் வரைகிறார்கள். அமிலத்தில் முக்கினால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். மெழுகை வழித்துவிட்டு, பள்ளங்களில் மையை அடைத்து, மேலே துடைத்து, ஈரக் காகிதத்தோடு அழுத்தினால் படம் இடம் வலம் மாறி விழும். கையெழுத்தைக்கூடத் திருப்பி எழுத வேண்டும். ழாக்குக்கும் மிலேக்கும் அச்சடித்துக் கொடுத்த தெலாத்ர் என்பவர் பாரிஸில் பேர்போனவர். துடைக்கும் துணியை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதில் பாதிப் படம் இருந்ததாம்.

மிலே செய்த எட்சிங் மிகக் குறைவு. அதில் பெயர் பெற்றது 1862-இல் செய்த ‘பெரிய மேய்ப்பப் பெண்’. பெரிய என்றால் ஓர் அடி உயரம், அவ்வளவுதான். இதிலும் அவள் நின்றபடியே பின்னுகிறாள். ழாக்கின் எட்சிங்குகளோ நானூறுக்கு மேல். மனுஷன் ஆட்டுக்கொட்டிலுக்குள்ளேயே குடியிருந்திருப்பார் போல. வைக்கோலில் விழும் வெளிச்சம், ஒன்றின் முதுகில் இன்னொன்று முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது, எல்லாம் வரைந்திருக்கிறார். ஓவியர் என்று பார்த்தால் மிலே பெரியவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மிலேயின் ஆடு மேய்ப்பப் பெண்ணுக்குத் துணை. ழாக்கின் ஆடு ஆடாகவே இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம்.

திரும்பும் ரயிலில் ஒன்றை யோசித்துக்கொண்டு வந்தேன். இந்த ரயில் பாதையும் அவர்கள் குடிவந்த அதே 1849-இல்தான் இந்தப் பக்கம் வந்தது. பாரிஸ்காரர் காலையில் வந்து கிராமத்தைப் பார்த்து மாலையில் திரும்ப முடிந்தது. அந்த நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் மூன்று கோடிக்கு மேல் செம்மறிகள் இருந்தன. கடல் கடந்த மலிவான கம்பளி வந்து இறங்க இறங்க, முதல் உலகப் போருக்குள் அது பாதியாகிவிட்டது. மந்தை வயலில் குறையக் குறைய, வரவேற்பறைச் சுவரில் ஏறியிருக்கிறது. முப்பத்தெட்டு யூரோ பஞ்சு ஆட்டின் மேல் இருந்த கோபம் இதில் கொஞ்சம் தணிந்தது. நானும் நாற்பத்தைந்துக்கு வாங்கியவள்தானே.

அக்டோபர் 18, வெள்ளி – அச்சுப்படக் கடை

என் படம் அசலா என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. ஆற்றின் இடது கரையில் பழைய அச்சுப்படங்கள் விற்கும் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்கார அம்மாள் முதலில் கையைக் கழுவினார், பிறகு படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தார், பூதக்கண்ணாடி வைத்தார், விரல் நுனியால் ஓரத்தைத் தடவினார். டாக்டரிடம் ரிப்போர்ட் காட்டிவிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அசல்தான். தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றி இருக்கிறது, மை காகிதத்துக்கு மேல் மேடாக நிற்கிறது. நானும் தடவிப் பார்த்தேன், விரலில் லேசாகத் தட்டுப்படுகிறது. ஆனால் அரிதானது அல்ல. 1857-க்குப் பிறகு செப்புத் தகட்டின் மேல் மெல்லிசாக இரும்பு முலாம் பூசும் வித்தை வந்துவிட்டது. தேயாமல் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். கலைப் பத்திரிகைகள் இந்த மாதிரி எட்சிங்குகளை இதழோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தன. நடுவில் தெரியும் மங்கலான மடிப்பைக் காட்டி, இது அப்படி ஓர் இதழிலிருந்து பிரித்தது என்றார்.

“எவ்வளவு கொடுத்தீர்கள்?”

சொன்னோம். உதட்டைப் பிதுக்கினார். “என் கடையில் இருபத்தைந்து.” பின் என் முகத்தைப் பார்த்து, “ஆனால் நல்ல அச்சு” என்று சேர்த்துக்கொண்டார். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. அமிலம் கலக்காத அட்டை ஒன்றில் வைத்துக் கொடுத்தார், அதற்கு மட்டும் மூன்று யூரோ. வான்வ் கிழவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ‘போன்ழூர்’ பாடத்துக்கு இருபது யூரோ கட்டணம் என்று எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 19, சனி – ரம்பூயே

பெரியப்பா நான் கிளம்பும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ராம்புலெட் ஊருக்குப் போவியா அம்மிணி?” ரம்பூயே ஊரின் பெயர் கொண்ட ஆட்டினத்தைப் பண்ணையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நீலகிரி நாட்டுச் செம்மறியோடு மெரினோவையும் ராம்புலெட்டையும் கலந்துதான் ‘சாண்டினோ’ என்ற இனத்தை அங்கே உண்டாக்கினார்கள். ராம்புலெட் என்பது ஓர் ஊர் என்று எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரியும்.

பாரிஸிலிருந்து தென்மேற்கே முக்கால் மணி ரயில். பதினாறாம் லூயி 1786-இல் ஸ்பெயினிலிருந்து முன்னூறுக்கும் மேற்பட்ட மெரினோக்களை வரவழைத்து இங்கே வைத்தான். அரசன் தலை போயிற்று, மந்தை போகவில்லை. அன்றிலிருந்து வெளி ரத்தம் கலக்காமல் அதே வழியில் பெருக்கி வருகிறார்கள். வான்வ் படத்திலிருக்கும் ஆடுகளைப் போல அந்தக் காலத்தில் பாரிஸைச் சுற்றி மேய்ந்தவற்றில் பலவும் இந்த மெரினோ ரத்தம் ஏறியவை.

பள்ளி விடுமுறை தொடங்கிய நாள். கொட்டில் நிறையப் பிள்ளைகள். கிடா ஒன்று, கழுத்தில் மூன்று மடிப்பு, முறுக்கிய கொம்பு, ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரி நின்றது. வெளியே அழுக்கு மண் நிறம். பணியாளர் பெண் மயிரைப் பிளந்து காட்டினால் உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளை. தொட்டேன். விரலெல்லாம் கம்பளிப் பிசுக்கு. முகர்ந்து பார்த்தால் பெரியப்பாவின் காக்கிக் கோட்டு. அண்ணன் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

உடனே வீடியோவில் கூப்பிட்டோம். ஊட்டியில் சாயங்காலம், மனிதர் கம்பளிக் குல்லாயோடு அடுப்படியில் இருந்தார். கிடாவைக் காட்டச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார் (முடியாது என்றேன்), கொட்டிலில் தரை எப்படி, வைக்கோலை எத்தனை நாளுக்கு ஒரு தரம் மாற்றுகிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். பணியாளர் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அப்புறம் பையிலிருந்த ழாக் படத்தை எடுத்துக் காட்டினேன். நூற்றைம்பது வருஷத்துப் படம் என்றேன், நாற்பத்தைந்து யூரோ என்று சொல்லவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ரொம்ப நேரம் திரையில் அவருடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது.

“முன்னால வருது பாரு ஒண்ணு, அது நடக்கல அம்மிணி. நொண்டுது.”

அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். தூக்கிய முன்னங்கால் முன்னோக்கி நீளவில்லை, மடங்கி உள்ளே ஒடுங்கியிருந்தது. எட்டு நாளாக அதை நடை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஈர மண்ணுல நிறுத்தியிருக்கான். குளம்பு அழுகல். மயில்துத்தம் கரைச்சு, நாலு நாள் அதுல நிக்க வெக்கணும்” என்றார் பெரியப்பா. “அந்த ஆளு வேடிக்கை பாத்துட்டு நிக்கிறான் பாரு.”